விடியல் நாட்டு மொழி
அபெனாக்கியரின் மொழிக்காப்பு வரலாறு

வட அமெரிக்கக் கண்டத்தின் கிழக்குக் கரையோரத்தில், கதிரவன் முதலில் எழும் நிலப்பகுதியைத் தாயகமாகக் கொண்டு வாழ்ந்துவரும் தொல்குடியினருள் அபெனாக்கியர் ஒரு பிரிவினர். அவர்தம் மொழியில் 'வோபன்' என்பது விடியல். 'அக்கி' என்பது நிலம். இவ்விரு சொற்களும் கூடி அமைந்த பெயரே அயலார் நாவில் 'அபெனாக்கி' எனத் திரிந்தது. விடியல் நாட்டார் என்பது அதன் பொருள். 'செவ்விந்தியர்' என்று ஐரோப்பியர் இட்ட பொதுப்பெயருக்குள் இத்தகைய தனிப்பெயர்கள் பல மறைந்துபோயின. மறைந்துபோக மறுத்த பெயர்களுள் இஃதொன்று.

இன்றைய அமெரிக்காவின் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மேய்ன் மாநிலங்களும், மாசசூசெட்சின் வடபகுதியும், கனடாவின் கியூபெக் மாநிலத்தின் தென்பகுதியும் அபெனாக்கியரின் பழைய நிலம். ஆறுகளே அவர்களுக்கு வழிகள். மரப்பட்டைத் தோணியே அவர்களது ஊர்தி. இன்று கனெக்டிகட் என வழங்கும் ஆற்றை அவர்கள் 'க்வெனிதெக்' என்றனர். நெடிய ஆறு என்பது பொருள். சாம்ப்ளேன் ஏரிக்கு அவர்கள் இட்ட பெயர் 'பிதவ்பகோக்'; இரு நிலங்களுக்கு இடைப்பட்ட நீர் என்பது பொருள். வெர்மான்டில் ஓடும் வினூஸ்கி ஆற்றின் பெயரில் காட்டு வெங்காயம் விளையும் நிலம் என்ற பழஞ்செய்தி இன்னும் தங்கியிருக்கிறது. பெயரை உச்சரிக்கும் பல்லாயிரவர் அதன் பொருளை அறியார். அறிந்தவர்கள் ஒரு கட்டத்தில் விரல்விட்டு எண்ணும் அளவினராகச் சுருங்கினர். அச்சுருக்கம் எவ்வாறு நேர்ந்தது, அதனை எதிர்த்து நின்றவர் யாவர் என்பதே இவ்வரலாறு.

மொழியின் இயல்பு

அபெனாக்கி மொழி அல்கான்கியன் மொழிக் குடும்பத்தின் கிழக்குக் கிளையைச் சேர்ந்தது. இதில் கிழக்கு, மேற்கு என இரு பிரிவுகள் உண்டு. மேய்ன் மாநிலத்துப் பெனாப்ஸ்காட் மக்களின் பேச்சு கிழக்குப் பிரிவு. வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் பகுதிகளில் வழங்கிப் பின்னர்க் கியூபெக்கின் ஒடானாக், வோலினாக் ஆகிய ஊர்களில் நிலைபெற்றது மேற்குப் பிரிவு.

ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இல்லாத ஒரு நுட்பம் இம்மொழியில் உண்டு. கேட்பவரையும் உட்படுத்திச் சொல்வதற்குக் 'கியோனா' என்றும், கேட்பவரை விலக்கிச் சொல்வதற்கு 'நியோனா' என்றும் இருவேறு சொற்கள் உள்ளன. நாம், நாங்கள் என்று பிரித்தறியும் தமிழருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பெயர்ச்சொற்களை உயிருடையவை, உயிரற்றவை என இரு வகுப்பாக்குவதும் இம்மொழியின் இயல்பு. மரத்தைக் குறிக்கும் 'அபாசி' என்னும் சொல் மனிதரோடும் விலங்கோடும் ஒரே வகுப்பில் வைக்கப்பட்டுள்ளது. எழுதுதல், வரைதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து 'அவிக்கிகன்' என்னும் சொல் பிறந்தது. முன்னாளில் மரப்பட்டையில் வரைந்த வழிப்படத்தையும் செய்தியையும் குறித்த அச்சொல்லே பின்னாளில் கடிதத்தையும் நூலையும் குறித்தது.

பிறமொழிச் சொற்களை இம்மொழி தன் ஒலிமரபுக்கேற்பத் திருத்தியே ஏற்றது. பிற்கால மேற்கு அபெனாக்கியில் ரகர ஒலி இல்லை. ஆதலின் மரி என்ற பெயர் 'மாலி' ஆயிற்று. யோசேப்பு என்பது தமிழில் சூசை ஆனதுபோல அங்கே 'சோசாப்' ஆயிற்று. பாஸ்டன் நகரத்தின் பெயரிலிருந்து அமெரிக்கரைக் குறிக்கும் 'பாஸ்தோனி' என்னும் சொல் உருவாயிற்று. தம் நிலத்தைக் கவர்ந்தவர்களை, அவர்கள் புறப்பட்டு வந்த ஊரின் பெயராலேயே அம்மக்கள் அழைத்தனர்.

சிதறலும் ஒடானாக்கும்

1616 முதல் 1619 வரை நியூ இங்கிலாந்துக் கரையோரத்தில் பரவிய கொள்ளைநோய் தொல்குடி ஊர்கள் பலவற்றை வெறுமையாக்கிற்று. ஐரோப்பிய மாலுமிகளோடு கரையேறிய நோய்களுக்கு அம்மக்களின் உடலில் எதிர்ப்பாற்றல் இருந்ததில்லை. நோயைத் தொடர்ந்து குடியேறிகள் வந்தனர். குடியேறிகளைத் தொடர்ந்து போர்கள் வந்தன. 1675-76 ஆண்டுகளில் நிகழ்ந்த, 'மன்னன் பிலிப் போர்' என்று ஆங்கிலேயர் பெயரிட்ட போருக்குப் பின் தெற்கிலிருந்த குடிகள் பல வடக்கு நோக்கி நகர்ந்தன. பிரெஞ்சுக்காரரின் ஆட்சியிலிருந்த செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பகுதியில் அவர்களுக்குப் புகலிடம் கிடைத்தது.

1700ஆம் ஆண்டை ஒட்டிச் சேன் பிரான்சுவா ஆற்றங்கரையில் நிலைபெற்ற ஊரே ஒடானாக். 'ஒடானா' என்றால் ஊர். 'ஊரில்' என்பதே ஒடானாக் என்பதன் பொருள். பல ஆற்றுச் சமவெளிகளிலிருந்து பெயர்ந்து வந்த, ஒரே மொழியின் பல வழக்குகளைப் பேசிய மக்கள் அங்கே ஒன்றுகூடினர். தாயகத்தை முற்றிலும் துறந்து வந்தவர்கள் என்று அவர்களைக் கொள்ளுதல் பொருந்தாது. சாம்ப்ளேன் ஏரிக்கரையின் மிசிஸ்க்வாய் போன்ற இடங்களில் பலர் தொடர்ந்து வாழ்ந்தனர். வேட்டைக்கும் உறவுக்குமாகத் தெற்கும் வடக்கும் போய்வந்தவர் பலர். 1720களில் மாசசூசெட்ஸ் எல்லையூர்களை அலைக்கழித்தும் இறுதிவரை பிடிபடாத ஒரு தலைவரை ஆங்கிலேயர் 'நரைக்குடுமி' என்னும் பொருள்பட அழைத்தனர். அவர்தம் இயற்பெயர் வாவானொலெவாட். பிறரைத் திசைதப்பச் செய்பவர் என்பது அதன் பொருள். இப்பெயரை நினைவில் இருத்துதல் நன்று. இருநூறாண்டு கடந்து வேறொருவரின் பெயரில் இது மீண்டும் தோன்றும்.

போர்க் கொள்ளையாகிய அகராதி

அபெனாக்கிச் சொற்களை முதலில் விரிவாக எழுத்தில் வடித்தவர்கள் பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரிமார். மதம் பரப்புவதே அவர்களது நோக்கம். அதற்கு மொழி கருவியாயிற்று. 1689இல் கனடா வந்த செபஸ்தியான் ரால் என்னும் பாதிரியார் மேய்ன் பகுதியில் கென்னபெக் ஆற்றங்கரை ஊராகிய நாரிட்ஜ்வாக்கில் பணியாற்றினார். 1691இல் அவர் ஓர் அகராதியைத் தொகுக்கத் தொடங்கினார். குடிசைகளில் அமர்ந்து, பேச்சைச் செவிமடுத்து, சொல்லைக் குறித்துக்கொண்டு, பல்லாண்டுகள் அதனை வளர்த்தார்.

பிரெஞ்சுக்காரரின் உளவாளியாகவும் அபெனாக்கியரைத் தூண்டிவிடுபவராகவும் ஆங்கிலேயர் அவரைக் கருதினர். 1722இல் அவரைப் பிடிக்கப் படை வந்தது. பாதிரியார் காட்டுக்குள் தப்பினார். அவர்தம் எழுத்துகள் அகப்பட்டன. அவற்றுள் அகராதியும் ஒன்று. 1724 ஆகஸ்டு மாதத்தில் மீண்டும் வந்த படை ஊரை அழித்தது. ராலும் ஊரார் பலரும் கொல்லப்பட்டனர். கொள்ளைப்பொருளாகக் கொண்டுசெல்லப்பட்ட அகராதியோ ஹார்வர்டு கல்லூரியைச் சென்றடைந்து, 1833இல் ஜான் பிக்கரிங் என்னும் அறிஞரால் அச்சிடப்பட்டது. பேசிய ஊர் அழிந்து, தொகுத்தவர் மாண்டு, பறித்தவரின் நூலகத்தில் சொற்கள் மட்டும் எஞ்சின.

ஒடானாக்கில் பணியாற்றிய ஜோசப் ஆபெரி என்னும் மற்றொரு பாதிரியார் 1715இல் பிரெஞ்சு - அபெனாக்கி அகராதியொன்றை எழுதினார். அது நெடுங்காலம் கையெழுத்துப் படியாகவே கிடந்தது. இவ்விரு அகராதிகளும் ஒலிமாற்றத்தின் சான்றுகளாகவும் விளங்குகின்றன. மனிதனைக் குறிக்கும் சொல் ராலின் ஏட்டில் ரகரத்தோடு 'அரெனான்பே' எனக் காணப்படுகிறது. பிற்கால மேற்கு அபெனாக்கியில் அது லகரத்தோடு 'அல்னோபா' என வழங்குகிறது. பாதிரிமார் உகர, வகர ஒலிகளைக் குறிக்க, எட்டு என்னும் எண்ணை ஒத்த ஒரு குறியைக் கையாண்டனர். அபெனாக்கியர் பலர் இன்று 8 என்னும் எண்ணையே, மூக்கொலியோடு கூடிய ஓகாரத்தைக் குறிக்கும் எழுத்தாகக் கொள்கின்றனர். சொல்லின் நடுவே எண் வருவது புதியவர்க்கு வியப்பூட்டும். முந்நூறாண்டு எழுத்து வரலாறு அவ்வெண்ணில் அடங்கியுள்ளது.

1759: எழுதப்பட்ட வரலாறு

1759 அக்டோபர் 4 விடியற்காலையில் ராபர்ட் ராஜர்ஸ் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் தம் காட்டுப் படையினருடன் ஒடானாக்கைத் தாக்கினார். வீடுகளும் மாதா கோயிலும் எரிந்தன. இருநூறு பேரையேனும் கொன்றதாக ராஜர்ஸ் அறிக்கை அளித்தார். பிரெஞ்சுத் தரப்புக் குறிப்புகளோ இறந்தோர் முப்பதின்மர் அளவினர் என்றும், அவருள் இருபதின்மர் பெண்டிரும் சிறுவரும் என்றும் கூறின. திரும்பும் வழியில் ராஜர்சின் வீரர் பலர் பசியால் மடிந்தனர்.

பிற்காலத்தில் நிலைத்தது ராஜர்சின் கூற்றே. கென்னத் ராபர்ட்ஸ் 1937இல் வெளியிட்ட 'நார்த்வெஸ்ட் பாசேஜ்' என்னும் நாவல் அத்தாக்குதலை வீரச்செயலாகப் போற்றிற்று. 1940இல் அது திரைப்படமாகவும் வந்தது. ஒடானாக் மக்கள் ஒருங்கே அழிந்தனர் என்ற எண்ணமே அமெரிக்கர் உள்ளத்தில் பதிந்தது. அழிந்ததாகக் கூறப்பட்டவர்களின் பேரர்கள் அந்நாளில் அதே ஊரில் வாழ்ந்துகொண்டிருந்தனர். அவ்விரவைப் பற்றி அவர்களுக்கும் ஒரு வரலாறு தெரிந்திருந்தது. ஆனால் அஃது அபெனாக்கி மொழியில், வீட்டுக்குள், முதியவர் வாயிலிருந்து இளையவர் செவிக்கு மட்டுமே சென்றுகொண்டிருந்தது. அந்தச் செவிவழிச் சங்கிலி அறுபட்டிருப்பின் ராஜர்சின் அறிக்கையே இறுதித் தீர்ப்பாக நின்றிருக்கும்.

தம்மவர் எழுதிய நூல்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதுகோல் அபெனாக்கியரின் கைக்கே வந்தது. ஒடானாக்கைச் சேர்ந்த பியேர் பால் வசொக்கிலேன், நியூ ஹாம்ப்ஷயரின் ஹானோவர் ஊரில் தொல்குடியினர்க்கென அமைந்த அறப்பள்ளியில் கல்வி பயின்றவர். சீர்திருத்தக் கிறித்துவ ஊழியராக ஊர் திரும்பிய அவர், 1830இல் பாஸ்டனில் அபெனாக்கிப் பாடநூல் ஒன்றை அச்சிட்டார். தம் மக்கள் தம் மொழியிலேயே எழுதப் படிக்கக் கற்க வேண்டும் என்று அம்மக்களுள் ஒருவரே செய்த முயற்சி அது.

அவர்க்குப் பின் வந்தவர் ஒடானாக் தலைவர் ஜோசப் லோரான். பிரெஞ்சுப் பெயராகிய லோரான் அபெனாக்கியர் நாவில் லோலோ ஆனமையின் அவர் ஊராரால் சோசாப் லோலோ என வழங்கப்பெற்றார். 1884இல் அவர் வெளியிட்ட அபெனாக்கி - ஆங்கில உரையாடல் நூல் இவ்வரலாற்றின் நடுநாயகம் எனத் தகும். பொருள்வாரியாக அடுக்கிய சொற்கள், அன்றாட உரையாடல்கள், வினைச்சொற்களின் விகற்பங்கள், இறுதியில் இடப்பெயர்களின் பொருள் விளக்கம் என்று அந்நூல் அமைந்தது. அபெனாக்கி இளைஞர்கள் ஆங்கிலம் கற்பதற்கு உதவுவதே தம் முதல் நோக்கம் என்று லோரான் முன்னுரையில் குறித்தார். தம் மொழியைத் தேய்விலிருந்து காப்பதை அடுத்த நோக்கமாக வைத்தார்.

அவ்வரிசைமுறை அக்காலத்தின் நிலையைக் காட்டுகிறது. அபெனாக்கி எல்லா வீடுகளிலும் பேசப்பட்டது. ஆங்கிலமே கற்க வேண்டியதாயிருந்தது. ஏனெனில் வாழ்வு ஆங்கிலம் பேசுவோரின் சந்தையைச் சார்ந்துவிட்டது. வேட்டைநிலங்கள் பறிபோனபின் கூடை முடைதலே ஒடானாக் குடும்பங்களின் பெருந்தொழில். ஆஷ் மரத்தின் அடிமரத்தை ஓங்கி அடித்து, ஆண்டு வளையங்கள் ஒன்றினின்று ஒன்று பிரிந்து நாராக வரும்வரை பக்குவப்படுத்தி, அந்நாரும் நறுமணப் புல்லும் கொண்டு கூடைகள் முடைந்தனர். குளிர்காலம் முழுவதும் முடைந்தவற்றைக் கோடையில் நியூ இங்கிலாந்தின் உல்லாச ஊர்களுக்குக் கொண்டுசென்று விற்றனர். லோரான் தாமும் நூல் வெளியான அதே 1884இல் தம் குடும்பத்தோடு நியூ ஹாம்ப்ஷயரின் இன்டர்வேல் என்னுமிடத்தில் கூடாரமிட்டுக் கூடை விற்கத் தொடங்கினார். ஒரு வகையில் அது தாயகம் திரும்புதலும் ஆயிற்று.

1932இல் மற்றொரு தலைவராகிய ஹென்றி லார்ன் மஸ்டா பழங்கதைகள், இலக்கணம், இடப்பெயர்கள் ஆகிய மூன்றையும் ஒரே நூலாக வெளியிட்டார். லோரான், மஸ்டா இருவரும் இடப்பெயர்களுக்குத் தனி இடம் அளித்தமை கருதத்தக்கது. நிலத்துக்கான உரிமைப் பத்திரம் அவர்களிடம் இல்லை. நிலத்துக்குத் தம் முன்னோர் இட்ட பெயர்களும் அவற்றின் பொருளும் அவர்களிடம் இருந்தன.

மௌனத்தின் காலம்

லோரானின் நூலுக்கும் மஸ்டாவின் நூலுக்கும் இடைப்பட்ட அரை நூற்றாண்டில் நிலைமை தலைகீழாயிற்று. பள்ளியிலும் கோயிலிலும் பிரெஞ்சு. வணிகத்திலும் வேலையிலும் ஆங்கிலம். இவ்விரண்டுக்கும் இடையே அபெனாக்கி வீட்டுக்குள் ஒதுங்கிற்று. தொழில் தேடி நகரங்களுக்குச் சென்றவர் பிள்ளைகளோடு அயல்மொழியில் பேசினர். தாய்மொழியால் பிள்ளைகட்கு இழிவு நேருமோ என்று அஞ்சிய பெற்றோரும் உண்டு. அண்டை அயலில் தொல்குடியினன் என்று அறியப்படுவதே துன்பமாயிருந்த காலம் அது. வெர்மான்டில் 1925 முதல் 'நல்லின ஆய்வு' என்ற பெயரில் எளிய குடும்பங்கள் பல பட்டியலிடப்பட்டன. 1931இல் கருத்தடைச் சட்டமும் இயற்றப்பட்டது. அதனால் அபெனாக்கியர் எவ்வளவு தாக்குண்டனர் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 2021இல் வெர்மான்ட் சட்டமன்றம் அச்செயல்களுக்காக மன்னிப்புக் கோரிற்று.

இவ்வாறு ஒரு தலைமுறை பேசி, அடுத்த தலைமுறை பேசாது புரிந்துகொண்டு, மூன்றாம் தலைமுறை புரிந்துகொள்ளவும் இயலாதொழிந்தது.

வனவியலார் கேட்ட கதை

இந்நிலையில் 1950களில் ஒடானாக் மக்களை நாடி வந்தவர் கோர்டன் டே. வெர்மான்டில் பிறந்த அவர் மொழியியலாரல்லர், வனவியல் கற்றவர். ஐரோப்பியர் வருமுன் வடகிழக்கின் காடுகளைத் தொல்குடியினர் எவ்வாறு பேணினர் என்னும் ஆய்வு 1953இல் அவரால் வெளியிடப்பட்டது. மரங்களைத் தேடியவரை அம்மரங்களின் பெயர்கள் ஈர்த்தன. பெயர்கள் வழியே மொழிக்கும் மொழி வழியே மக்களுக்கும் வந்து சேர்ந்தார். ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்கு மேல் முதியவர்களோடு அமர்ந்து சொற்களையும் கதைகளையும் ஒலிநாடாவில் பதிந்தார். ஒட்சிஹோசோ என்னும் உருமாற்றுவோன் புழுதியிலிருந்து தன்னைத் தானே உருவாக்கிக்கொண்டு, மலைகளையும் ஆறுகளையும் சமைத்து, தான் படைத்த சாம்ப்ளேன் ஏரியின் அழகில் மயங்கி அதன் நடுவே பாறையாக அமர்ந்தான் என்னும் கதையை அவர்தம் எழுத்து வழியே வெளியுலகம் அறிந்தது.

அவருக்குக் கதை கூறியவர்களுள் தியோபில் பனாடிஸ் ஒருவர். எல்வைன் ஒபம்சாவின் ராய்ஸ் என்னும் மூதாட்டி மற்றொருவர். 1759ஆம் ஆண்டின் அந்த இரவைப் பற்றி அம்மூதாட்டி கூறியது வருமாறு. ஊரார் கூடி நடனமாடிக்கொண்டிருந்தனர். வெளியே காற்று வாங்க வந்த ஒரு பெண்ணை இருளில் மறைந்து நின்ற அயலான் ஒருவன், அவனும் தொல்குடியினனே, அணுகினான். அஞ்சாதே என்றான், விடியுமுன் உங்களைக் கொல்லப் படை காத்திருக்கிறது என்று எச்சரித்தான். அவள் உள்ளே சென்று கூறினாள். நம்பியவர் சிலர், நம்பாதவர் சிலர். நம்பியவர்கள் பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு இருளோடு இருளாகச் சென்று மறைந்தனர். மறைவிடத்தில் எண்ணிப் பார்த்தபோது ஒரு குடும்பத்தில் ஒரு சிறுமி குறைந்தாள். தந்தை விளக்கின்றித் திரும்பி ஓடினார். வெறுமையான வீட்டில், படுக்கையின் காலடியில் அமர்ந்து, பலகணி வழியே வெளியே பார்த்தபடி அச்சிறுமி பாடிக்கொண்டிருந்தாள். அவளை வாரி எடுத்துக்கொண்டு அவர் இருளுள் மறைந்தார்.

மூதாட்டி இதனைத் தம்மை வளர்த்த அத்தையிடம் கேட்டவர். அத்தை தம் பாட்டியிடம் கேட்டவர். அப்பாட்டியோ அவ்விரவில் சிறுமியாய் இருந்து உயிர்தப்பியவர். இருநூறாண்டு இடைவெளியை நிரப்ப வேண்டியிருந்த கண்ணிகள் இவ்வளவே. டே இச்செய்தியை எழுத்துச் சான்றுகளோடு ஒப்பிட்டு 1962இல் வெளியிட்டார். ராஜர்ஸ் கூறிய எண்ணிக்கை ஏன் பொருந்தவில்லை என்பதற்கும், ஒடானாக் மக்கள் ஏன் அழியவில்லை என்பதற்கும் விடை ஒருங்கே கிடைத்தது. ஊரில் பெரும்பாலோர் அவ்விரவில் வீடுகளில் இருந்திலர். எழுதி வைத்தவனின் வரலாற்றை, எழுதாமல் நினைவில் வைத்தவர்களின் வரலாறு திருத்தியது.

இங்கே ஒன்று எண்ணிப்பார்க்கத்தக்கது. இன்னும் ஒரு தலைமுறை கழித்து டே வந்திருப்பின் இக்கதையைக் கூறுவோர் இருந்திருப்பரா? மொழி தேய்கையில் முதலில் மறைவன சொற்களல்ல. அச்சொற்களால் மட்டுமே கூறப்பட்டுவந்த செய்திகளே மறைகின்றன. மேய்னில் பெனாப்ஸ்காட் மொழியைத் தாய்மொழியாகப் பேசியவர்களுள் இறுதியானவர் எனக் கருதப்படும் மேடலின் ஷே 1993இல் மறைந்தார். அம்மொழிக்காக வாழ்நாளைச் செலவிட்ட மருத்துவர் பிராங்க் சீபெர்ட் 1998இல் மறைந்தார். அவர்தம் ஏடுகளிலிருந்தே பெனாப்ஸ்காட் மக்கள் இன்று தம் மொழியை மீட்டுக் கற்கின்றனர்.

கற்பித்தலின் காலம்

1990களில் நெடுநாள் உழைப்புகள் அடுத்தடுத்துக் கனிந்தன. எல்வைன் மூதாட்டியின் பேத்தி ஜீன் பிரிங்க், கோர்டன் டேயுடன் இணைந்து 1990இல் ஒலிநாடாவோடு கூடிய மொழிக் கையேட்டை வெளியிட்டார். டேயின் மேற்கு அபெனாக்கி அகராதி 1994இலும் 1995இலுமாக இரு தொகுதிகளாக வெளிவந்தது. அதனைக் காண அவர் இருந்திலர், 1993இல் காலமாகிவிட்டார். ஆபெரி பாதிரியாரின் அகராதி, எழுதப்பட்டு 280 ஆண்டுகள் கழிந்து, 1995இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேறிற்று. மொழிபெயர்த்தவர் ஸ்டீபன் லோரான். 1884ஆம் ஆண்டு நூலின் ஆசிரியர் சோசாப் லோலோவின் மகன். இன்டர்வேலில் தந்தை கூடாரமிட்ட இடத்தில் கடை நடத்திக்கொண்டே அவர் இப்பணியை முடித்தார், 2001இல் மறைந்தார்.

ஆயினும் அகராதி பேசுவதில்லை. பேசக் கற்பித்தவர்களுள் முதன்மையானவர் செசில் வாவானொலெட் அம்மையார். 1908இல் பிறந்த அவர் ஒடானாக்கிலும் பின்னர் வெர்மான்டிலும் வகுப்புகள் நடத்தினார். தாய்மொழியாகவே அபெனாக்கியைப் பெற்ற அரிய சிலருள் ஒருவர். அவர் தாங்கிய குடும்பப்பெயர், ஆங்கிலேயரால் பிடிக்க முடியாத பழைய தலைவர் வாவானொலெவாட்டின் பெயரே. தொண்ணூறு வயதை ஒட்டியும் கற்பித்தலைக் கைவிடாத அவர் 2006இல் மறைந்தார். அவர்தம் மைந்தர் ஏலி ஜூபேர் அப்பணியைத் தொடர்ந்தார். அவ்வம்மையாரிடம் பயின்ற ஜெசி புருஷாக் மொழியைக் கற்பிப்பதோடு, 2015இல் வெளிவந்த தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் தொல்குடிப் பாத்திரங்களாக நடித்தோர்க்கு அபெனாக்கி உரையாடலைப் பயிற்றினார். வெர்மான்டின் மிடில்பரி கல்லூரி, 2020இல் தன் கோடைகால மொழிப்பள்ளிகளின் வரிசையில் அபெனாக்கிக்கும் ஓர் இடம் அளித்தது.

ஒடானாக்கில் 1965இல் பழைய கத்தோலிக்கப் பள்ளிக் கட்டடத்தில் அபெனாக்கி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கியூபெக்கில் தொல்குடியினர்க்கென எழுந்த முதல் அருங்காட்சியகம் இதுவே. பிரெஞ்சு மொழியில் பாடம் ஒலித்த இடத்தில் அபெனாக்கியரின் கூடைகளும் ஏடுகளும் இடம்பெற்றன. அவ்வூரில் வளர்ந்த திரைப்பட இயக்குநர் அலனிஸ் ஒபம்சாவின் 2006இல் தம் மக்களைப் பற்றிய ஆவணப்படத்தை எடுத்தார்.

சிக்கல்கள் தீர்ந்துவிட்டனவென்று கூறுவதற்கில்லை. 2011, 2012 ஆண்டுகளில் வெர்மான்ட் மாநிலம் நான்கு குழுக்களை அபெனாக்கியர் என ஏற்றது. அவர்களுட் பெரும்பாலோர் அபெனாக்கி மரபினர் என்பதற்குச் சான்றில்லை என்று ஒடானாக், வோலினாக் மன்றங்கள் மறுக்கின்றன. ஒடுக்குமுறைக்கு அஞ்சி மறைந்து வாழ்ந்தவர்களிடம் ஏட்டுச் சான்று கேட்பது முறையோ என்று அக்குழுவினர் வினவுகின்றனர். மொழியைக் கற்பிக்கும் உரிமை யாருக்கு என்ற வினாவும் இதனோடு பின்னியுள்ளது. கூடைத் தொழிலுக்கும் இடர் நேர்ந்துள்ளது. 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகதநிற ஆஷ் வண்டு 2018இல் வெர்மான்டையும் மேய்னையும் எட்டிற்று. அஃது ஆஷ் மரங்களைக் கொன்றுவருகிறது. மரம் அழிந்தால் கூடை அழியும். கூடையோடு அதன் உறுப்புகளையும் செய்முறையையும் குறிக்கும் சொற்களும் அழியும்.

நிறைவாக

ரால் பாதிரியார் அகராதி தொகுத்தது மதம் பரப்ப; அதைப் பாதுகாத்தவர் அதனைப் பறித்த பகைவர். கோர்டன் டே வந்தது காட்டின் வரலாறு காண. மொழிக்காகவே மொழியைக் காத்தவர் தொடக்கத்தில் மிகச் சிலர். எனினும் வேறு நோக்கங்களுக்காக எழுதப்பட்டவை யாவும், பேச்சு அறுபடவிருந்த வேளையில் கைகொடுத்தன. கைகொடுத்தற்குக் காரணம், அந்த ஏடுகளை வாய்விட்டு ஒலிக்க அறிந்த சிலர் அன்று உயிரோடிருந்தமையே. எல்வைன் மூதாட்டியும் செசில் அம்மையாரும் இல்லையேல் 'அல்னோபா' என்னும் சொல்லை எவ்வாறு ஒலிப்பது என்பதைத் தாளிடம் கேட்டறிய இயலாது.

1884இல் சோசாப் லோலோ அச்சிட்ட நூலின் பிற்கால வரலாறு இதற்குச் சான்று. ஒரு பக்கம் அபெனாக்கி, ஒரு பக்கம் ஆங்கிலம் என அமைந்த அந்நூலை அக்காலத்து இளைஞர் அபெனாக்கியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகப் படித்தனர். அவர்தம் கொள்ளுப்பேரர்கள் அதே நூலை விரித்து, தமக்குத் தெரிந்த ஆங்கிலத்திலிருந்து தெரியாத அபெனாக்கிக்கு வரப் படிக்கின்றனர். முன்னுரையில் இரண்டாவதாகக் குறிக்கப்பட்ட நோக்கம் இன்று முதலாவதாகிவிட்டது.